பிளைவுட் வாங்கும் முன்: எந்த இடத்துக்கு எந்த ரகம்?

வீட்டில் மரவேலை ஆரம்பிக்கப் போகிறோம் என்று பிளைவுட் கடைக்குப் போனால், "303 வேணுமா, 710 வேணுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இவை பிளைவுட்டின் தரநிலை எண்கள். நம்மில் பலர் "நல்லதா பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு நேராக விலைக்குப் போய்விடுகிறோம். தண்ணீரே எட்டிப் பார்க்காத பரணுக்கு, ஈரத்தைத் தாங்கும் மெரைன் பலகையும், தினமும் நனையும் சிங்க்குக்கு அடியில் சாதா கமர்ஷியல் பலகையும் போய்ச் சேருவது இப்படித்தான்.

ரகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், பலகை போகிற இடத்தைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஈரம் எவ்வளவு, பலகை சுமக்கப்போகும் எடை எவ்வளவு, நடுவில் தாங்கல் இல்லாமல் எத்தனை அடி நிற்கப்போகிறது. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் ரகம் ஏறக்குறைய முடிவாகிவிடும். வீடு முழுவதும் ஒரே ரகம் என்பது கடைக்காரருக்குத்தான் வசதி.

முதலில்: பலகைக்குள் என்ன இருக்கிறது?

மரக்கட்டையைச் சுழலவிட்டு நீண்ட கத்தியால் மெல்லிய தாளாகச் சீவி எடுப்பார்கள். அதுதான் வெனீர். ஒரு வெனீரின் ரேகை நீளவாக்கில் ஓடினால் அடுத்ததன் ரேகை குறுக்கே ஓடும்படி அடுக்கி, பசை தடவி, சூட்டோடு அழுத்தினால் பிளைவுட். மரம் ஈரம் குடிக்கும்போது ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும், நீளவாக்கில் அநேகமாக நகராது. அதனால் ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கை விரியவிடாமல் பிடித்து வைக்கிறது. நடு அடுக்குக்கு இரண்டு பக்கமும் இழுப்பு சமமாக இருக்க வேண்டும் என்பதால் அடுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில் இருக்கும்.

ஆக, ஒரு பலகையின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: பசை, உள்ளே இருக்கும் மரம். மேலே தெரியும் சிவந்த பளபளப்பான முகப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதன்மேல் எப்படியும் மைக்கா ஒட்டத்தான் போகிறீர்கள்.

பசையில் முக்கியமானவை இரண்டு. யூரியா ஃபார்மால்டிஹைடு விலை குறைவு, காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு விலை அதிகம், கொதிக்க வைத்தாலும் பிடியை விடாது. ஃபீனால் பசை கரும்பழுப்பு நிறம் என்பதால் பலகையின் ஓரத்தில் கோடு கோடாகத் தெரியும். ஆனால் யூரியா பசையில் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம். நிறத்தை மட்டும் நம்பி ரகத்தை முடிவு செய்யாதீர்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை உடைத்துவிடலாம். 'வாட்டர் புரூஃப்' பிளைவுட் என்றால் தண்ணீர் உள்ளே போகாது என்று பொருள் இல்லை. மெரைன் பலகையும் மரம்தான், ஓரத்தின் வழியாகத் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும், கொஞ்சம் உப்பவும் செய்யும். பசை விடாது, அடுக்குகள் பிரியாது, காய்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதுதான் அந்தப் பெயரின் உத்தரவாதம். எந்த ரகம் வாங்கினாலும் ஓரத்தை மூடாவிட்டால் வீண் என்பதும் இதனால்தான்.

உள்ளே இருக்கும் மரத்தின் கதை தனி. ஒரு காலத்தில் அசாம் காட்டு மரங்களில்தான் இந்திய பிளைவுட்டின் பெரும்பகுதி தயாரானது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து 1995-ல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு நாடு முழுவதற்கும் விரிந்து, 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதற்கே தடை போட்டது. அதன்பிறகு தொழில் விவசாயிகளின் நிலத்து மரத்துக்கு மாறியது. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லரும் தைலமரமும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும். உயர்ரகப் பலகைகளில் பேர்போன குர்ஜன் மரத்தை மியான்மரிலிருந்து கட்டையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் மியான்மர் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. அதனால் இன்று ஒரு கடைக்காரர் "முழுக்க குர்ஜன் சார்" என்று குறைந்த விலைக்குச் சொன்னால் சந்தேகப்பட உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: தைலமரம் கனமானது, ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கும். பாப்லர் லேசானது, மென்மையானது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்து சரியாக ஏற்றாவிட்டால் வண்டு துளைத்து உளுத்துப்போகும்.

அடுத்து: ரகங்களும் அவற்றின் இடமும்

கமர்ஷியல் பிளை எனப்படும் எம்.ஆர். (ஈரப்பதம் தாங்கும்) ரகம் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலையில் வருவது. பசை யூரியா. வெறும் 60 டிகிரி வெந்நீரில் வைத்துத்தான் இதைச் சோதிப்பார்கள், கொதிநீர் இதற்கு இல்லை. படுக்கையறைக் கட்டில், டிவி யூனிட், படிக்கும் மேசை, புத்தக அலமாரி, சுவர் அலங்காரம், பரண் கதவு ஆகியவற்றுக்கு இது போதும். 'எம்.ஆர்.' என்றாலே மட்டம் என்று ஒதுக்குகிறார்கள், அது சரியில்லை. நல்ல கம்பெனியின் எம்.ஆர். பலகை, உள்ளே ஓட்டை விழுந்த மலிவு 'வாட்டர் புரூஃப்' பலகையைவிட நெடுநாள் உழைக்கும்.

பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) ரகமும் ஐ.எஸ். 303-ல்தான் வரும். பல கடைகளில் '303' என்று சும்மா சொன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் 303 முத்திரையில் எம்.ஆர். பலகையும் உண்டு என்பதால், எண்ணோடு சேர்த்து அந்த எழுத்துகளையும் படிக்க வேண்டும். 8 மணி நேரம் கொதிக்க வைத்து உலர்த்திச் சோதிக்கப்படும் ரகம் இது. சமையலறையின் பெரும்பகுதி, சாப்பாட்டு மேசை, பூஜை அலமாரி, குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் வார்ட்ரோப் எல்லாம் இதற்கு ஏற்றவை. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. படுக்கையறை உலர்ந்த இடம்தான், ஆனால் அலமாரியின் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் குழாய் ஓடினால் அந்த முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் ஈரத்தில்தான் வாழப்போகின்றன.

மெரைன் எனப்படும் பி.டபிள்யூ.பி. (கொதிநீரிலும் பசை விடாத) ரகத்தின் தரநிலை ஐ.எஸ். 710. ஃபீனால் பசை, 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை, இவற்றோடு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரான மருந்தைப் பலகைக்குள் ஏற்றியிருக்க வேண்டும் என்பதும் இந்தத் தரநிலையின் நிபந்தனை. சிங்க்குக்கு அடியில் உள்ள பெட்டி, குளியலறை வாஷ்பேசின் அலமாரி, தரையைத் தொடும் அடிப்பலகைகள், பால்கனி, மழைச்சாரல் அடிக்கும் இடம் ஆகியவற்றுக்கு இதைப் போடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குக் கீழ்வரிசைப் பலகையின் அருமை தெரியும். தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் கீழ் அலமாரிக்கு மெரைன், அதையும் தரையில் உட்காரவைக்காமல் பி.வி.சி. கால்கள்மேலோ கிரானைட் மேடைமேலோ ஏற்றி வையுங்கள். ஆனால் மேல் அலமாரிக்கும் கட்டிலுக்கும் 710 கேட்பது எனக்கு வீண்செலவாகத்தான் தெரிகிறது.

கரையான் வேறு பிரச்சினை. தண்ணீரைத் தாங்கும் பலகை செல்லு அரிக்காது என்று அர்த்தமில்லை. கொதிநீரில் பசை நிற்கும், செல்லு மரத்தைத் தின்னும். 710-ல் ஏற்றியிருக்கும் மருந்து உதவும் என்றாலும், அஸ்திவாரத்திலும் சுவர் ஓரத்திலும் மருந்து அடிக்காத வீட்டில் பலகையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பிளாக்போர்டு (தரநிலை ஐ.எஸ். 1659) பிளைவுட்டின் நெருங்கிய உறவு. நடுவில் வெனீருக்குப் பதில் மரச்சட்டங்களை நீளவாக்கில் பக்கம் பக்கமாக அடுக்கி, மேலும் கீழும் வெனீர் ஒட்டியிருப்பார்கள். எடை குறைவு, நீளவாக்கில் வளையாது. ஆறடி, ஏழடி உயர வார்ட்ரோப் கதவுக்கு நான் பிளாக்போர்டைத்தான் சொல்வேன். அந்த உயரத்துக்கு பிளைவுட் கதவு போட்டால் கனமும் கூடும், நாளடைவில் லேசாக வளைந்து மூடாமல் நிற்கவும் வாய்ப்பு உண்டு. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும் வேலைக்கு மட்டும் பிளாக்போர்டு வேண்டாம், வெட்டிய ஓரத்தில் சட்டங்களுக்கு இடையிலான இடைவெளிகள் வாயைத் திறந்து நிற்கும்.

அறைக் கதவுக்கு ஃப்ளஷ் டோர் என்று ஆயத்தமாகவே வருகிறது, தரநிலை ஐ.எஸ். 2202. 30 அல்லது 32 எம்.எம். தடிமன் வழக்கம். குளியலறைக் கதவுக்கு மரத்தையே விட்டுவிட்டு டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது பி.வி.சி. கதவுக்குப் போவது நிம்மதி.

ஃப்ளெக்ஸி பிளை எனப்படும் வளையும் பலகை, வளைவான மேசை முகப்புக்கும் தூணைச் சுற்றிப் போர்த்தவும் பயன்படும். அது நீளவாக்கில் வளைவது, அகலவாக்கில் வளைவது என இரண்டு விதமாக வரும், வேலையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கட்டட சென்ட்ரிங் வேலைக்கான ஷட்டரிங் பிளையை (ஐ.எஸ். 4990) கறுப்பு அல்லது பழுப்புப் படலம் ஒட்டியிருப்பதால் அடையாளம் காணலாம். கான்கிரீட் ஒட்டாமல் பிரிந்து வருவதற்கான படலம் அது, அதன்மேல் மைக்கா சரியாக ஒட்டாது. தீயை மெதுவாகப் பிடிக்கும் ரகம் ஐ.எஸ். 5509, திரையரங்கு, அலுவலகம் போன்ற இடங்களுக்கு.

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் பிளைவுட் அல்ல. எம்.டி.எஃப். மரநாரை அழுத்திச் செய்தது, வழவழப்பானது, பெயின்ட் அடிக்கும் கதவுகளுக்கும் ரவுட்டர் வேலைப்பாடுகளுக்கும் அருமையாக இருக்கும். பார்ட்டிகிள் போர்டு மரத்தூளும் சில்லும். ஆன்லைனில் மலிவாக வரும் மேசைகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டிலும் ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ மறுபடி அதே இடத்தில் பிடிப்பது கஷ்டம். வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தடிமன்: இதில்தான் ஏமாற்றம் அதிகம்

கடைகளில் 4, 6, 9, 12, 16, 19, 25 எம்.எம். அளவுகளில் கிடைக்கும். தச்சர்கள் கால் இன்ச், அரை இன்ச், முக்கால் இன்ச் என்பார்கள். முறையே 6, 12, 19 என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல் என்ற கணக்கில் முக்கால் இன்ச் ஆறு நூல்.

ஒரு பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 12-லிருந்து 19-க்குப் போனால் தடிமன் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, விறைப்போ ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனால் தட்டு விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். அலமாரிப் பெட்டிக்கும் தட்டுக்கும் 19, டிராயரின் பக்கங்களுக்கு 12, முதுகுக்கு 6, கட்டிலின் மேல்பலகைக்கு அடியில் சட்டம் இருந்தால் 12, இல்லாவிட்டால் 19. கதவு 16-க்குக் குறையக் கூடாது. மறைவாக உட்காரும் இப்போதைய கீல்களுக்கு 35 எம்.எம். அகலத்தில், 12 எம்.எம். அளவுக்கு ஆழமாகக் குழி எடுக்க வேண்டும். 12 எம்.எம். பலகையில் கீல் வைத்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

19 எம்.எம். தட்டாக இருந்தாலும் மூன்றடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். புத்தகத் தட்டு என்றால் இரண்டரை அடி. அதைவிட நீளம் வேண்டுமென்றால் முன்பக்கம் ஒரு பட்டை கொடுத்து விறைப்பாக்கலாம், அல்லது நடுவில் ஒரு தடுப்பு.

ரேகையின் திசையும் முக்கியம். மேல்முகத்தின் ரேகை தட்டின் நீளத்தோடு ஓட வேண்டும். பலகை மிச்சமாகிறது என்று துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டினால் அதே தட்டு சீக்கிரம் தொய்யும். தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நல்ல தச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊர் வீடுகளில் ஒரு வசதி உண்டு. கட்டும்போதே கடப்பா கல் வைத்த அலமாரியும் சமையல் மேடையும் இருக்கும். 'மாடுலர்' ஆசையில் அதை உடைத்துவிட்டு பிளைவுட் பெட்டி செய்வதைவிட, கல்லை அப்படியே விட்டு முகப்புக்கு மட்டும் சட்டமும் கதவும் போட்டால் பலகையின் அளவு பெரிதாகக் குறையும். கல் உப்பாது, உளுக்காது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் முத்திரை. பிளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை ஒன்றிய அரசு 2023-ல் கொண்டுவந்தது. உண்மையான முத்திரையில் மேலே தரநிலை எண், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ்.-ன் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் கம்பெனி பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். வெறுமனே '710' என்று பெரிதாக அச்சடித்து, பக்கத்தில் 'ஐ.எஸ்.ஓ. 9001' என்று போட்டிருந்தால் அது பலகையின் தரத்துக்கான சான்று இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்குக் கொடுப்பது. 'கிளப் கிரேடு', 'கோல்டு', 'பிளாட்டினம்' எல்லாம் கம்பெனி வைத்துக்கொண்ட பெயர்கள்.

அப்புறம் ஓரம். நான்கு ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே துளையோ, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய மடிப்போ இருக்கக் கூடாது. துளை இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, மடிப்பு இருக்கும் இடத்தில் மேலே மேடு தெரியும். புட்டியோ சாயமோ பூசி ஓரத்தை மறைத்திருந்தால் அதே பலகையை வெட்டிய துண்டு ஒன்றைக் கேளுங்கள். பலகையின் மேல் விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனால், உள்ளே வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை மாறுவது காதுக்கே தெரியும்.

மூன்றாவது தடிமன். ஒரு வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் போதும், கடைக்காரரின் பேச்சே மாறிவிடும். 6 எம்.எம்.முக்கு மேற்பட்ட பலகையில் ஐந்து சதவீதம் வரைதான் வித்தியாசம் இருக்கலாம் என்பது தரநிலை. 19 என்று விற்பது 18-ஐத் தொட்டாவது நிற்க வேண்டும். 17 காட்டினால் அது 19 இல்லை, அதற்கான விலையும் இல்லை. மூலைகளிலும் நடு ஓரங்களிலும் அளந்து பாருங்கள். சமையலறைப் பெட்டிகளை மிஷினில் வெட்டிச் சேர்ப்பதாக இருந்தால், எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகத் தேய்த்த 'காலிபிரேட்டட்' பலகை கேளுங்கள்.

நான்காவது, வீட்டுச் சோதனை. சாம்பிள் துண்டைப் பாத்திரத்தில் போட்டு நான்கைந்து மணி நேரம் கொதிக்க விடுங்கள். எம்.ஆர். பலகையின் அடுக்குகள் பிரியத் தொடங்கும். பி.டபிள்யூ.ஆர்., மெரைன் பலகைகளில் உலர்ந்தபிறகு கத்தி முனையை நுழைத்து நெம்பினாலும் மரம் பிய்யுமே தவிர பசை விடக் கூடாது. அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

முகர்ந்தும் பாருங்கள். கண்ணை எரிக்கும் நெடி ஃபார்மால்டிஹைடு. குழந்தைகள் தூங்கும் அறைக்கு, நெடி குறைந்த இ-1 அல்லது இ-0 என்று குறித்த பலகை வாங்குவது நல்லது. வேலை முடிந்ததும் கதவுகளையும் டிராயர்களையும் திறந்து வைத்து அறையைக் காற்றாட விடுங்கள்.

ஒரு விஷயம் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. தச்சரோ இன்டீரியர்காரரோ அழைத்துப்போகும் கடையில் அவருக்கு ஒரு கமிஷன் இருப்பது வழக்கம். அது தவறு என்று சண்டை போட வேண்டியதில்லை, கூலியில் கிடைக்காததை அங்கே எடுக்கிறார்கள். ஆனால் ரகத்தையும் கம்பெனியையும் நீங்கள் முடிவு செய்துகொண்டு போனால், அந்தக் கமிஷனுக்காகப் பலகை மாறாது.

எத்தனை பலகை வேண்டும்?

விலை சதுர அடிக்கு. முழுப் பலகை 8க்கு 4, அதாவது 32 சதுர அடி. 7க்கு 4, 7க்கு 3, 6க்கு 4 அளவுகளும் கிடைக்கும், இதைப் பயன்படுத்தினால் வீணாவது குறையும். ஏழடி உயரம், ஆறடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு வார்ட்ரோப்பைப் போட்டுப் பார்ப்போம்.

முழுப் பலகையை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு இரண்டடிப் பட்டைகள். இரண்டு பக்கம், நடுத்தடுப்பு ஒன்று என மூன்று பட்டை. மேலும் கீழும் இரண்டு. மூன்றடித் தட்டுகள் ஆறு, ஒரு பட்டையில் இரண்டு வீதம் மூன்று பட்டை. மொத்தம் எட்டுப் பட்டை, அதாவது 19 எம்.எம். முழுப் பலகை நான்கு. முதுகுக்கு 6 எம்.எம்.மில் 7க்கு 3 அளவில் இரண்டு. ஒன்றரை அடிக் கதவு நான்கு, பிளாக்போர்டில் 7க்கு 3 அளவில் இரண்டு எடுத்தால் 42 சதுர அடியில் முடிகிறது. 8க்கு 4 எடுத்தால் 64 சதுர அடிக்குப் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் ஏறக்குறைய ஒரு நூல் தின்னும், அதனால் இரண்டடி ஆழம் என்பது அரை நூல் குறையும். கதவுகளுக்கு நடுவே எப்படியும் இடைவெளி வேண்டும், அங்கே இது பிரச்சினை இல்லை.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் வரைந்து தச்சரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள். டிராயர், அடிமேடை என்று நியாயமான காரணம் இருக்கலாம்.

வேலை நடக்கும்போது

பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். தரையில் ரீப்பர் கட்டைகள் போட்டு அவற்றின்மேல் படுக்கையாக அடுக்குங்கள். புதிதாகப் பூசிய சுவர் காயாமல் அலமாரியை ஒட்டி நிறுத்தாதீர்கள், சுவரின் ஈரம் முழுவதும் முதுகுப் பலகைக்குத்தான் போகும்.

கதவின் வெளிப்பக்கம் 1 எம்.எம். மைக்கா ஒட்டினால் உள்பக்கமும் மெல்லிய மைக்காவாவது ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு வளையும், அதற்குப் பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓரங்கள் அத்தனையிலும் எட்ஜ் பேண்டோ (ஓரத்தை மூடும் பட்டை) மரப் பீடிங்கோ வர வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அடி ஓரமும் பின் ஓரமும் சேர்த்துத்தான். சிங்க் குழாய்க்காக முதுகுப் பலகையில் போடும் ஓட்டையின் உள்விளிம்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அங்கே சிலிக்கான் சீலன்ட் தடவச் சொல்லுங்கள். மெரைன் பலகை முதலில் கெட்டுப்போவது அந்த ஓட்டையைச் சுற்றித்தான்.

பில்லில் கம்பெனி பெயர், தரநிலை எண், தடிமன், அளவு, எண்ணிக்கை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். வண்டியிலிருந்து இறக்கும்போது ஒவ்வொரு பலகையின் முத்திரையையும் பாருங்கள், கடையில் காட்டியது ஒன்று, வீட்டுக்கு வந்தது ஒன்று என்பது நடக்கிற விஷயம்தான். முத்திரை அச்சாகியிருக்கும் பகுதி மீதித் துண்டில் வரும்படி ஒரு பலகையையாவது வெட்டச் சொல்லி, அந்தத் துண்டைப் பில்லோடு சேர்த்து எடுத்து வையுங்கள். பத்து வருடம், இருபது வருடம் என்று உத்தரவாதம் கொடுக்கும் கம்பெனியிடம் பின்னாளில் புகார் செய்ய நேர்ந்தால், மைக்காவுக்கு அடியில் போன முத்திரையை யாரும் உரித்துக் காட்ட முடியாது.